மணி அடித்ததும் மாறிய முகம்

வாசிக்க: ஆதியாகமம் 27:1-29, 32:22-31



நம்முடைய ஆலயங்களில் பீடத்துக்குப் பக்கவாட்டில் ஒரு சிறிய அறை இருக்கும். உங்களில் பலர் அதற்குள் வந்திருக்க மாட்டீர்கள். அங்கிகள் தொங்கும் ஓர் அலமாரி, காணிக்கைப் பைகள், சபைப் பதிவேடுகள், அட்டை கிழிந்த பாட்டுப் புத்தகங்கள், சுவரில் ஒரு முகக்கண்ணாடி ஆகியவைதான் அங்கே இருக்கும். ஆராதனைக்கு முன் போதகர்கள் அங்கி தரித்துக்கொள்ளும் அறை அது. இந்த வாரத் தியானத்தை அந்த அறையிலிருந்து தொடங்குகிறேன். ஏனென்றால் என் ஊழிய வாழ்வில் நான் மிகவும் வெட்கப்படும் நிமிடம் அப்படிப்பட்ட ஓர் அறைக்குள்தான் நிகழ்ந்தது.

பல ஆண்டுகளுக்கு முன் தென்மாவட்டக் கிராமம் ஒன்றில் நான் பணியாற்றிக்கொண்டிருந்தேன். அது ஐப்பசி மாதத்தில் ஒரு பரிசுத்த நற்கருணை ஞாயிறு. இரவு முழுவதும் மழை பெய்திருந்தது. காலையில் நான் வந்து அலமாரியைத் திறந்தபோது என் வெள்ளை அங்கி ஈரம் காயாமலும் இஸ்திரி போடப்படாமலும் தொங்கிற்று. அப்பமும் ரசமும் இன்னும் ஆயத்தம் செய்யப்படவில்லை. ஆலயப் பணியாளர் மூச்சு வாங்க அப்போதுதான் உள்ளே நுழைந்தார். அவர் என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஏன் தாமதம் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கு ஒரு பதில் இருந்தது. அதற்குப் பதிலாக, பாடகர் குழுவினர் நான்கைந்து பேர் பார்த்துக்கொண்டிருக்க, அந்தப் பெரியவரை "நீ" என்று ஒருமையில் அழைத்து, இங்கே எழுதத் தகாத சில சொற்களைச் சொன்னேன்.

அந்நேரம் மணி அடித்தது. கதவு திறந்தது. நான் புன்முறுவலுடன் பவனியின் பின்னால் நடந்தேன். முதல் பாட்டை உரத்த குரலில் பாடினேன். பத்து நிமிடத்துக்குள் சபையாரை முழங்காற்படியிடச் செய்து பாவ அறிக்கை ஜெபத்தை நடத்தினேன். என் குரல் இனிமையாகவே இருந்தது. அன்று செய்த பிரசங்கமும் நன்றாக இருந்ததாகப் பலர் கைகுலுக்கிச் சொன்னார்கள்.

என் மூத்த மகள் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். நான் வீட்டில் மறந்துவைத்த மூக்குக்கண்ணாடியைக் கொடுப்பதற்காக அவள் அந்த அறை வாசலுக்கு வந்திருந்தாள். நடந்ததை எல்லாம் பார்த்திருந்தாள். அன்று முழுவதும் அவள் ஒன்றும் பேசவில்லை. இரவு உணவுக்குப் பின் தன் கணினியை என் முன்னால் வைத்து, ஒரு பழைய ஊமைப்படத் துண்டைக் காட்டினாள். கறுப்பு வெள்ளையில் ஒரு மனிதர் திரைக்குப் பின்னே போகிறார், பெண்ணாக வருகிறார். மறுபடி போகிறார், கிழவராக வருகிறார். நான் வியந்து, "யாரம்மா இவர்?" என்றேன். பெயரைச் சொல்லிவிட்டு, படத்தை நிறுத்தாமலே, மெதுவாகச் சொன்னாள்: "இவரு இதுக்கு ரொம்பப் பழகியிருக்காராம் அப்பா. நீங்க பழகாமலே இவரைவிட வேகமா மாறுறீங்க."

அந்தச் சொல் என்னை விடவில்லை. கோபப்படவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை. அந்த மனிதர் யார் என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். அப்படிப் படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

அவர் பெயர் லியோபோல்டோ ஃப்ரெகோலி. 1867-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் நாள் ரோம் நகரில் பிறந்தவர். 1880-களின் இறுதியில் இத்தாலியப் படையில் வீரராக, செங்கடல் கரையிலுள்ள மசாவா துறைமுகத்துக்கு அனுப்பப்பட்டார். இன்று அது எரித்ரேயா நாட்டில் இருக்கிறது. அங்கே வெயிலிலும் தனிமையிலும் வாடிக்கொண்டிருந்த சக வீரர்களை மகிழ்விக்க நாடகங்களும் வேடிக்கைகளும் நடத்தத் தொடங்கினார். ஊர் திரும்பிய பிறகு அதுவே அவருடைய தொழிலாயிற்று. ஒரு நாடகத்தின் எல்லாப் பாத்திரங்களையும் அவர் ஒருவரே நடிப்பார். கணவனாகப் பேசிவிட்டு இடது வாசலில் மறைவார். அடுத்த கணம் மனைவியாக வலது வாசலில் தோன்றுவார். ஆண் குரலிலும் பெண் குரலிலும் பாடுவார். உதடு அசையாமல் பேசும் வித்தையும் அறிந்திருந்தார். வாத்தியக் குழுவினர் முன் நின்று வெர்டி, ரொசீனி, வாக்னர் என்று ஒவ்வோர் இசைமேதையாக மாறி மாறி இசை நடத்துவதும் அவருடைய புகழ்பெற்ற காட்சிகளில் ஒன்று. அவருடைய தொடக்ககால ஓரங்க நாடகம் ஒன்றின் பெயர் "பச்சோந்தி". நம் ஊரில் அந்தச் சொல்லை யாருக்காவது சூட்டினால் அது வசை. அவரோ அதைத் தம் விளம்பரத் தட்டியில் எழுதிவைத்தார்.

1890-களில் அவர் ஐரோப்பாவையும் அமெரிக்க நாடுகளையும் சுற்றிவந்தார். 1897-இல் லண்டன் அல்ஹம்ப்ரா அரங்கிலும், 1900-இல் பாரிசு ஒலிம்பியா அரங்கிலும் மக்கள் அவரைக் காணத் திரண்டார்கள். நூற்றுக்கணக்கான உடைகளும் பொய்முடிகளும் நிரம்பிய பெட்டிகள் அவரோடு ஊர் ஊராகப் பயணம் செய்தன. ஒரே இரவில் பல பத்துப் பாத்திரங்களாக அவர் மாறினார். ஒரு மனிதனால் இவ்வளவு விரைவாக மாற முடியாது, மேடைக்குப் பின்னால் ஒன்றுக்கு மேற்பட்ட ஃப்ரெகோலிகள் இருக்கிறார்கள் என்ற வதந்தி அவர் போன இடமெல்லாம் கூடவே போயிற்று.

உண்மையில் மேடைக்குப் பின்னால் பலர் இருந்தார்கள். ஆனால் அவர்கள் வேறு ஃப்ரெகோலிகள் அல்லர், உடை மாற்றும் உதவியாளர்கள். அந்தக் கலையின் இரகசியம் வேகத்தில் மட்டும் இல்லை, ஆயத்தத்தில் இருக்கிறது. உடைகளை முன்பக்கம் பொத்தான் போட்டதுபோலக் காட்டிப் பின்பக்கம் முழுவதும் திறக்கும்படி தைத்திருப்பார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மூன்று உடைகள் உடலில் இருக்கும். ஓர் இழுப்பில் மேலுடை கழன்றுவிடும். அடுத்து வேண்டிய உடையை விரித்துப் பிடித்தபடி ஓர் உதவியாளர் நிற்பார், பொய்முடியோடு மற்றொருவர், காலணியோடு இன்னொருவர். கலைஞர் ஓடிவந்து அந்த உடைக்குள் நுழைய வேண்டியதுதான். உடை மாறிக்கொண்டிருக்கும்போதே அவருடைய வாய் அடுத்த பாத்திரத்தின் குரலில் பேசத் தொடங்கிவிடும். பார்வையாளரின் காது அந்தக் குரலில் சிக்கியிருக்கும், கண்ணுக்கு இடைவெளி தெரியாது.

இனி நான் சொல்லப்போவதுதான் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது. 1890-களின் இறுதியில் ஃப்ரெகோலி, பிரான்சு தேசத்து லூமியேர் சகோதரர்களின் புதிய கருவியான சினிமாவைத் தம் நிகழ்ச்சியில் சேர்த்துக்கொண்டார். அதற்கு "ஃப்ரெகோலிகிராஃப்" என்று தம் பெயரையே வைத்தார். அந்தக் கருவியைக் கொண்டு அவர் எடுத்த சிறு படங்களில் ஒன்று, மேடைக்குப் பின்னால் தாம் எவ்வாறு மாறுகிறார் என்பதைக் காட்டுகிறது. உதவியாளர்கள் பரபரக்கிறார்கள், உடையை உருவுகிறார்கள், முடியைக் கவிழ்க்கிறார்கள். பல ஃப்ரெகோலிகள் என்ற வதந்தி அலைந்துகொண்டிருந்த காலத்தில், ஒரே ஃப்ரெகோலிதான் என்பதை அவரே திரைபோட்டுக் காட்டினார். அதனால் அவர் புகழ் குறையவில்லை. பின்னறையைப் பார்த்துவிட்ட மக்கள் முன்மேடையையும் தொடர்ந்து இரசித்தார்கள்.

அவருக்குப் பின் இந்தக் கலை ஏறக்குறைய மறக்கப்பட்டது. அதை உலக மேடைக்கு மீட்டவர் 1957-இல் துரின் நகரில் பிறந்த ஆர்த்துரோ பிராக்கெட்டி. அவர் சிறுவயதில் சலேசிய சபையாரின் குருமடத்தில் படித்தவர் என்பது எனக்கு வியப்பூட்டிய செய்தி. கூச்சம் மிகுந்த அந்தச் சிறுவனுக்கு மந்திரவித்தை கற்றுக்கொடுத்தவர் அங்கிருந்த ஒரு குரு. அந்தக் காலத்தில்தான் ஃப்ரெகோலியின் நினைவுக் குறிப்புகளும் அவர் கைக்கு வந்தன. 1979-இல் பாரிசு நகரத்து மேடைக்குப் போய், இந்தக் கலையில் உலகப் புகழ் பெற்றார். சலேசிய சபையை நிறுவிய தொன் போஸ்கோவே சிறுவயதில் கயிற்றின்மேல் நடந்தும், கைவித்தைகள் காட்டியும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டி, பிறகு அவர்களோடு ஜெபித்தவர். ஆகவே வேடம் மாற்றும் கலையையே பாவம் என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ள இயலவில்லை. பாவம் வேறு எங்கோ இருந்தது.

எங்கே என்பதை நம்முடைய தமிழ் வேதாகமமே எனக்குச் சுட்டிக்காட்டிற்று. மத்தேயு 6-ஆம் அதிகாரத்திலும் 23-ஆம் அதிகாரத்திலும் நம் ஆண்டவர் சிலரைக் கடுமையாகக் கண்டிக்கிறார். அங்கே நம் பழைய மொழிபெயர்ப்பு பயன்படுத்தும் சொல் "மாயக்காரர்". வேறொரு மொழிபெயர்ப்பில் அது "வெளிவேடக்காரர்" என்று வருகிறது. இறையியல் கல்லூரியில் கிரேக்கம் கற்ற நாட்களில், மூலச்சொல்லுக்கு மேடை நடிகன் என்பதே முதற்பொருள் என்று எங்கள் ஆசிரியர் விளக்கியதைக் குறிப்பேட்டில் எழுதிவைத்திருந்தேன். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன். மாயம், வேடம், நடிப்பு என்ற மூன்று சொற்களும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கின்றன. ஆனால் அந்தச் சொல் பரிசேயரைக் குறிக்கிறது என்றே முப்பது ஆண்டுகளாகப் பிரசங்கம் செய்துவந்தேன். அது என் அங்கி அறையின் கண்ணாடியில் தெரிந்த முகத்தைக் குறிக்கிறது என்று நான் எண்ணிப்பார்த்ததில்லை.

ஃப்ரெகோலியும் மாயக்காரர்தான். ஆயினும் அவர் யாரையும் ஏமாற்றவில்லை. சீட்டு வாங்கி உள்ளே வந்த ஒவ்வொருவருக்கும், பார்க்கப்போவது ஒரே மனிதரின் பல வேடங்கள் என்பது தெரியும். திரை விழுந்ததும் அவர் தம் முகத்தோடு வந்து வணங்குவார். ஆண்டவர் கண்டித்தவர்களோ, வேடமே தங்கள் முகம் என்று பிறரை நம்பவைத்தவர்கள். நாளடைவில் தாங்களும் நம்பிவிட்டவர்கள்.

நம் வாழ்வில் பல பாத்திரங்கள் இருப்பது குற்றமன்று. ஒரே நாளில் நான் மரண வீட்டில் அழுகிறவனாகவும், திருமண வீட்டில் சிரிக்கிறவனாகவும், சபைக் குழுவில் கணக்குக் கேட்கிறவனாகவும் இருக்க வேண்டியிருக்கிறது. உங்களிலும் அலுவலகத்தில் அதிகாரியாயிருப்பவர் வீட்டில் மருமகளாயிருக்கிறார். பவுல் அப்போஸ்தலனும் தாம் யூதருக்கு ஒருவிதமாகவும் பலவீனருக்கு வேறுவிதமாகவும் ஆனதாக 1 கொரிந்தியர் 9-இல் எழுதுகிறார். ஆனால் அவர் அப்படி ஆனது எதிரில் இருந்தவனுடைய நன்மைக்காக. நான் அன்று கதவு திறந்ததும் மாறியது என்னுடைய நன்மைக்காக, என் நற்பெயரைக் காப்பாற்றிக்கொள்வதற்காக.

திங்கட்கிழமை மாலை அந்தப் பணியாளரின் வீட்டுக்குப் போனேன். போகும் வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். அந்த ஒத்திகையும் ஒரு வேடம் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை. ஓட்டு வீடு. உள்ளே அவருடைய மனைவி காய்ச்சலில் பாயில் படுத்திருந்தார். சனிக்கிழமை இரவு முழுவதும் அவர் அந்த அம்மாவின் அருகில் விழித்திருந்தார் என்பதைப் பக்கத்து வீட்டார் சொல்லித்தான் அறிந்தேன். அவர் எனக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு, தாம் நின்றுகொண்டேயிருந்தார். நான் ஒத்திகை பார்த்த வார்த்தைகளில் ஒன்றும் வரவில்லை. "என்னை மன்னிச்சிருங்கய்யா" என்று மட்டும் சொன்னேன். அவரை "ஐயா" என்று நான் அழைத்தது அதுவே முதல் முறை.

அவர் நெடுநேரம் பேசாமல் நின்றார். பிறகு சொன்னார்: "நீங்க ஏசுனது எனக்குப் பெருசா தெரியலய்யா. எங்க அப்பாவும் ஏசுவாரு, எல்லாரும் ஏசுவாங்க. மணி அடிச்சதும் சிரிச்சீங்க பாத்தீங்களா, அதத்தான் என்னால தாங்க முடியல. எனக்கு அப்பிடிச் சட்டுன்னு சிரிப்பு வரல்லய்யா. அதான் நான் நற்கருணைக்கு வரல்ல."

அவர் வராததை நான் கவனிக்கவேயில்லை. அப்பத்தை நான் என் கையால் கொடுத்தேன். பந்தியில் முழங்காற்படியிட்டிருந்தவர்களின் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக் கொடுத்தேன். ஆயினும் அந்தப் பந்தியை ஆயத்தம் செய்த மனிதருடைய கைகள் அங்கே இல்லை என்பது எனக்குத் தெரியவில்லை.

யாக்கோபின் கதையை அந்த வாரத்தில் மறுபடியும் வாசித்தேன். வேதாகமத்திலுள்ள விரைவான உடைமாற்றம் ஆதியாகமம் 27-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. தகப்பனுக்குக் கண் மங்கிவிட்டது. ஆசீர்வாதம் மூத்தவனுக்குப் போகப்போகிறது. உடனே தாய் ரெபெக்காள் மேடைக்குப் பின்னே நிற்கும் உதவியாளரைப்போலச் செயல்படுகிறாள். வீட்டிலிருந்த மூத்தவனுடைய நல்ல ஆடையை இளையவனுக்கு உடுத்துகிறாள். ஆட்டுக்குட்டித் தோலைக் கைகளிலும் கழுத்திலும் போர்த்துகிறாள். சமைத்த உணவைக் கையில் கொடுத்து அனுப்புகிறாள். குரலை மட்டும் மாற்ற முடியவில்லை. ஈசாக்கு காதில் ஒருவனைக் கேட்டு, கையில் இன்னொருவனைத் தடவிப்பார்த்துத் தடுமாறுகிறார். நீ யார் என்று கேட்கிறார். யாக்கோபு தன் அண்ணனுடைய பெயரைச் சொல்லுகிறான். ஆசீர்வாதம் கிடைக்கிறது. ஆனால் அதைப் பெற்றுக்கொண்டவன் அதே வீட்டில் தங்கியிருக்க முடியவில்லை. அண்ணனுக்குப் பயந்து ஓடினான்.

இருபது ஆண்டுகளுக்கும் மேல் கடந்து, யாப்போக்கு ஆற்றங்கரையில் இருட்டில் தனியே நிற்கும்போது, அதே கேள்வி அவனிடம் மீண்டும் வருகிறது. உன் பெயர் என்ன? அங்கே தோல் இல்லை, அண்ணனுடைய ஆடை இல்லை, உதவிக்குத் தாயும் இல்லை. யாக்கோபு என்று தன் சொந்தப் பெயரைச் சொல்லுகிறான். எத்தன் என்று பொருள்பட ஏசா பழித்த பெயர் அது. அதைச் சொன்ன பிறகுதான் அவனுக்குப் புதுப்பெயர் கிடைக்கிறது, ஆசீர்வாதமும் கிடைக்கிறது. முதல் ஆசீர்வாதத்தை வேடத்தால் வாங்கினான், ஓடினான். இரண்டாவது ஆசீர்வாதத்தைச் சொந்தப் பெயரால் வாங்கினான், நொண்டி நடந்தான். நொண்டிக்கொண்டே அண்ணனுக்கு எதிரே போனான். அந்த ஓட்டு வீட்டிலிருந்து நான் திரும்பி வந்த நடையும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது.

ஃப்ரெகோலியின் பெயர் மருத்துவ நூல்களிலும் இருக்கிறது. 1927-இல் கூர்போன், ஃபாய் என்னும் இரு பிரெஞ்சு மருத்துவர்கள் 27 வயதுப் பெண் ஒருவரின் துன்பத்தைப் பதிவு செய்தார்கள். நாடகங்களை மிகவும் விரும்பிப் பார்த்தவர் அவர். பாரிசு மேடையின் இரு நடிகைகள் தமக்குத் தெரிந்தவர்களாகவும் வழிப்போக்கர்களாகவும் உருமாறித் தம்மைப் பின்தொடர்ந்து துன்புறுத்துகிறார்கள் என்று அவர் உறுதியாக நம்பினார். எந்த முகத்தைப் பார்த்தாலும் அதற்குள் அதே எதிரி. மருத்துவர்கள் அந்த நிலைக்கு ஃப்ரெகோலியின் பெயரைச் சூட்டினார்கள். அது நோய். அதைக் கேலி செய்யவோ எளிதாக உவமையாக்கவோ நமக்கு உரிமை இல்லை. நம் சபைகளிலும் மனநோயால் வருந்துகிறவர்களும் அவர்களைத் தாங்கி நிற்கும் குடும்பத்தாரும் இருக்கிறார்கள். அவர்களை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும் அவர்களோடு அமர்ந்திருப்பதும் நம் கடமை.

இருப்பினும் அதை வாசித்தபோது மத்தேயு 25-ஆம் அதிகாரம் என் நினைவுக்கு வந்தது. எல்லா முகங்களுக்குள்ளும் ஒரே எதிரியைக் கண்டு நடுங்கினார் அந்தப் பெண். ஆண்டவரோ எல்லா முகங்களுக்குள்ளும் தம்மைக் காணும்படி நம்மிடம் கேட்கிறார். பசித்தவன், தாகமுள்ளவன், அந்நியன், உடையில்லாதவன், நோயாளி, சிறைப்பட்டவன் ஆகிய ஆறு முகங்களையும் சொல்லி, அவை அத்தனையும் நானே என்கிறார். அந்த அதிகாரத்தில் இரு பக்கத்தாரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: ஆண்டவரே, உம்மை எப்போது கண்டோம்? அன்று ஞாயிற்றுக்கிழமை மழையில் நனைந்து மூச்சு வாங்க அந்த அறைக்குள் நுழைந்தவர் யார் என்று என்னைக் கேட்டால் இப்போது என்னால் சொல்ல முடியும். அவரைக் காண்பதற்காகத்தான் நான் அவசரமாக அங்கி தேடிக்கொண்டிருந்தேன். அவர் வந்து என் முன்னால் நின்றபோது, "நீ" என்றேன்.

அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு முன், அதே அறையில், முந்திய வாரம் அங்கே இருந்த பாடகர் குழுவினர் எல்லாரும் இருக்கும்போது, அவரிடம் மறுபடியும் மன்னிப்புக் கேட்டேன். தவறு எவர் முன்னால் நடந்ததோ அவர் முன்னாலேயே அதை அறிக்கையிடுவது நியாயம் என்று தோன்றிற்று. அதற்குள் மணி அடித்துவிட்டது. அன்று என்னால் புன்முறுவலோடு போக இயலவில்லை. கண்கள் கலங்கியிருந்தபடியே பவனியின் பின்னால் நடந்தேன். முதல் பாட்டில் என் குரல் இரண்டு இடங்களில் உடைந்தது. அன்று என் பிரசங்கத்தை யாரும் புகழவில்லை. அடுத்த நற்கருணை ஞாயிறு அவர் கடைசிப் பந்தியில், கடைசி ஆளாக, கைகளை நீட்டி முழங்காற்படியிட்டிருந்தார். அப்பத்தைக் கொடுத்தபோது என் விரல்கள் நடுங்கின. அவர் நிமிர்ந்து ஒருமுறை என்னைப் பார்த்தார்.

அவர் இன்று நம்மோடு இல்லை. கர்த்தருக்குள் நித்திரையடைந்துவிட்டார். அவருடைய அடக்க ஆராதனையை நடத்தும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

நான் முற்றிலும் மாறிவிட்டேன் என்று இதை வைத்து எண்ணிவிடாதீர்கள். கோபம் இன்னும் வருகிறது. என் மனைவியைக் கேட்டால் சொல்வாள். வேதம் நமக்கு இரண்டு மாற்றங்களைக் காட்டுகிறது. பழைய மனிதனைக் களைந்து புதிய மனிதனைத் தரித்துக்கொள்ளும்படி பவுல் கொலோசெயருக்கு எழுதும்போது, உடை மாற்றும் பேச்சையே கையாளுகிறார். ஆனால் 2 கொரிந்தியர் 3-ஆம் அதிகாரத்தின் முடிவில் அந்த மாற்றம் எப்படி நடக்கிறது என்று சொல்லும்போது, முக்காடு நீங்கிய முகத்தோடு கர்த்தருடைய மகிமையை நோக்கிக்கொண்டிருக்கிறவர்கள் படிப்படியாக மறுரூபமடைகிறார்கள் என்கிறார். மேடையின் மாற்றம் மூன்று வினாடியில் நடக்கும், மறைவில் நடக்கும். ஆவியானவர் செய்யும் மாற்றத்துக்கு ஆயுள் முழுவதும் வேண்டும். அதற்கு முகம் திறந்திருக்க வேண்டும்.

ஃப்ரெகோலி 1925-இல் மேடையிலிருந்து ஓய்வு பெற்று, 1936 நவம்பர் 26-ஆம் நாள் வியாரெஜ்ஜோ என்னும் கடற்கரை ஊரில் காலமானார். அவருடைய கல்லறையில், அவர் தம் கடைசி உருமாற்றத்தை இங்கே நிகழ்த்தினார் என்று பொருள்படப் பொறித்திருக்கிறார்கள். அந்தக் கடைசி உருமாற்றத்துக்கு உடை பிடித்து நிற்க உதவியாளர் யாரும் வர முடியாது. நமக்கும் அந்த வேளை வரும். அப்போது உன் பெயர் என்ன என்று கேட்கப்படும். இந்தப் பக்கத்தில் அதற்குப் பதில் சொல்லிப் பழகியிருப்பது நல்லது.

இந்த வாரம் உங்களுக்கு ஒரு சிறிய காரியம். உங்கள் வாழ்வில் அங்கி மாற்றும் அறை எது என்று யோசித்துப் பாருங்கள். சிலருக்கு அது சமையலறையாக இருக்கலாம். சிலருக்கு விருந்தாளி வந்து அழைப்புமணி அடிப்பதற்கு முந்திய நிமிடமாக இருக்கலாம். சிலருக்கு, வீட்டில் கத்திவிட்டு ஆலயத்துக்குக் காரில் வரும் அந்தக் கால்மணி நேரமாக இருக்கலாம். அங்கே உங்கள் முகத்தை உண்மையில் பார்த்தவர் யார்? பணிப்பெண்ணா, ஓட்டுநரா, பிள்ளையா, மனைவியா, கணவனா? அவரிடம் போங்கள். ஒத்திகை பார்க்காமல் போங்கள்.

நானும் அங்கி அறையின் கதவை இப்போதெல்லாம் மூடுவதில்லை. ஆராதனைக்கு வரும்போது எட்டிப் பாருங்கள். அங்கே நீங்கள் காண்பது பலவேளைகளில் அழகாக இராது. ஆனால் பீடத்தில் நிற்பவனும் அவன்தான்.

ஜெபம்: இருதயங்களை ஆராய்ந்து அறிகிற ஆண்டவரே, எங்கள் பின்னறைகளும் உம்முடைய சமுகத்திற்குள்தான் இருக்கின்றன என்பதை நாங்கள் மறந்துபோனதை மன்னியும். நாங்கள் அவசரத்தில் காயப்படுத்தியவர்களின் முகத்தில் உம்முடைய முகத்தைக் காணச் செய்யும். வேடத்தால் பெற்ற நற்பெயரை இழக்கவும், சொந்தப் பெயரோடு உம்மிடத்தில் வரவும் எங்களுக்குத் தைரியம் தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.